பைத், மன்ஸில், தார்: மங்கலத்து வாடகை வீடுகளும் அண்டை வீட்டார் உரிமையும்

ஹனஃபி மத்ஹபின் முதன்மையான பாடநூல்களுள் ஒன்றாகிய ‘அல்ஹிதாயா’வில், விற்பனை பற்றிய பகுதியில், ‘உரிமைகள்’ என்றொரு சிறிய பாடம் உண்டு. நம் அரபுக் கல்லூரிகளில் அதை ஓதாதவர் இல்லை. ஓதியபின் நினைவில் வைத்திருப்போர் சிலரே. ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள், ஒருவர் வீடு வாங்கினால் அதனோடு எவையெல்லாம் அவருக்குச் சேரும் என்பதை அங்கே ஆராய்கிறார்கள். ‘வீடு’ என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதை ஃபிக்ஹு நூலார் மூன்றாகப் பகுத்தனர். ‘பைத்’ என்பது கூரையும் வாயிலும் உடைய ஓர் அறை. இரவைக் கழிக்கும் இடம் என்பதே அச்சொல்லின் வேர்ப்பொருள். ‘மன்ஸில்’ என்பது சில அறைகளும் சமையலிடமும் சேர்ந்து, ஒரு குடும்பம் இறங்கித் தங்கத் தக்க பகுதி. ‘தார்’ என்பது இவையனைத்தையும், இவற்றின் நடுவிலுள்ள முற்றத்தையும், இவற்றைச் சூழ்ந்த சுவரையும் உள்ளடக்கிய முழு வளாகம். சுற்றுதல், சூழ்தல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து பிறந்த சொல் அது. பைத் வாங்கியவருக்கு மாடி சேராது. தார் வாங்கியவருக்கோ, பத்திரத்தில் குறிப்பிடாவிட்டாலும் மாடியும் சேரும்.

இப்பாகுபாடு பத்திரம் எழுதுவோருக்கு மட்டும் உரியதன்று என்பதே நமது கருத்து. இன்று திருப்பூர் வட்டாரத்தில் எழும் வீடுகளை இம்மூன்று சொற்களால் அளந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தனியார் கட்டுவன பெரும்பாலும் பைத்துகள். அரசு கட்டுவன மன்ஸில்கள். தார் என்று சொல்லத்தக்கதை எவரும் கட்டுவதில்லை. அறைகளைச் சூழ்ந்து நின்று அவற்றை ஒன்றாக்கும் அந்தப் பொதுவிடம் கட்டப்படாமலே விடப்படுகிறது. கட்டப்பட்டாலும் பொறுப்பாளர் இன்றி விடப்படுகிறது.

திருப்பூருக்கு மேற்கே நொய்யல் கரையில் உள்ள மங்கலத்தை எடுத்துக்கொள்வோம். இது முற்றிலும் நகரமும் அன்று, கிராமமும் அன்று. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறி உலகமும் திருப்பூரின் பனியன் உலகமும் ஒன்றையொன்று தொடும் இடம். தறிக்கூடம் வைத்திருப்போரும், அதில் கூலிக்கு நெய்வோரும், காலையில் பேருந்தேறிப் பனியன் கம்பெனிக்குச் செல்வோரும் ஒரே தெருவில் வாழ்கின்றனர். ஒரு தலைமுறைக்கு முன் இங்கு வாடகைக்கு வந்தவர்கள் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்தவர். இன்று அவர்களோடு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலத்தவரும் வந்து சேர்ந்துள்ளனர். இவர்களுக்காக எழுந்தவைதாம் ‘லைன் வீடுகள்’. ஒரு நீண்ட சுவர். அதன் ஒரு பக்கத்திலோ இரு பக்கத்திலோ வரிசையாக அறைகள். நடுவே இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டிய நடைபாதை. கடைசியில் பொதுக் கழிப்பறை. முகப்பில் தண்ணீர்த் தொட்டி. கூரை தகரமாகவோ சிமெண்டு அட்டையாகவோ இருக்கும். சித்திரை மாதத்து இரவில் உள்ளே உறங்க இயலாது. வெளியே உறங்க இடமிராது. ‘ஒன்றரை ஷிஃப்ட்’ முடித்து வருபவருக்கு இது இரவைக் கழிக்கும் இடமே. அரபு அகராதியின்படி மிகச் சரியான பைத்.

இத்தகைய வீடுகளைக் கட்டி வாடகைக்கு விடுவோருள் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தோரும் உளர். பள்ளிவாசல் நிலத்தில் கடைகளும் அறைகளும் கட்டி வாடகை பெறும் நிருவாகங்களும் தமிழகத்தில் பல. ஆகவே இது அரசையும் கட்டடப் பொறியாளரையும் மட்டும் சார்ந்த விவகாரம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

வீட்டுக்குள் வரவேண்டிய வெளிச்சத்துக்கு ஷரீஅத்தில் அளவு உண்டா என்று கேட்டால் பலர் வியப்படைவர். உண்டு. 1869 முதல் 1876 வரை உஸ்மானிய அரசு ஹனஃபி சட்டங்களைத் தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’வில் அண்டை வீட்டாருக்கு நேரும் தீங்கு பற்றிய பிரிவுகள் உள்ளன. ஒருவர் தம் நிலத்தில் கட்டடம் எழுப்புவதால் அடுத்தவரின் காட்சி மறைவதையோ காற்று ஓரளவு குறைவதையோ அது பெருந்தீங்காகக் கருதவில்லை. ஆனால் ஒரே சன்னல் உள்ள அறையின் அச்சன்னலை மறைத்து, உள்ளிருப்பவர் எழுத்தைப் படிக்க இயலாத அளவுக்கு இருட்டாக்கினால் அது பெருந்தீங்கு, அகற்றப்பட வேண்டியது. ‘கதவைத் திறந்து வைத்து வெளிச்சம் பெற்றுக்கொள்ளட்டும்’ என்று கட்டியவர் வாதிட்டால் அதுவும் செல்லாது. ஏனெனில் குளிருக்காகவும் பிற காரணங்களுக்காகவும் கதவை மூடி வைக்க வேண்டியிருக்கும் என்று அச்சட்டம் விளக்கம் தருகிறது. நம்மூர் லைன் வீடுகளில் மிகப் பலவற்றுக்கு வெளிச்சம் வரும் ஒரே வழி அந்தக் கதவுதான். இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குபவர் கதவை மூட வேண்டும். பெண்கள் இருக்கும் வீட்டார் மூட வேண்டும். மூடினால் எழுத்துத் தெரியாது. நாம் கட்டிய வீட்டில் ஒரு பிள்ளை நண்பகலில் கதவை அடைத்துக்கொண்டு தன் பாடப்புத்தகத்தைப் படிக்க முடிகிறதா என்று பார்ப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

அதிர்வுக்கும் அளவு உண்டு. இது விசைத்தறிப் பகுதியில் வாழும் நமக்கு மிகவும் சுவையான செய்தி. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தூனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமீ என்பவர் ஒரு கொத்தனார். நூலறிவும் கைத்தொழிலும் ஒருங்கே வாய்த்தவர். அந்நகரத்துக் காழி, சுவர், சாக்கடை, சன்னல் தொடர்பான வழக்குகள் வரும்போது இவரை அனுப்பிப் பார்வையிடச் செய்வார். அவ்வனுபவத்தைக் கொண்டு அவர் எழுதியதே ‘அல்இஃலான் பிஅஹ்காமில் புன்யான்’ என்னும் நூல். மாலிகி மத்ஹபுச் சட்டங்களின் அடிப்படையில் புகை, நாற்றம், ஓசை, அதிர்வு, பிறர் வீட்டுக்குள் பார்வை விழுதல் ஆகிய தீங்குகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார். மாவரைக்கும் ஆலை ஒன்றால் அடுத்த வீட்டுச் சுவர் அதிர்கிறது என்று முறையீடு வந்தால் அதை எப்படிச் சோதிப்பது? ஒரு தாளின் நான்கு மூலைகளிலும் நூல் கட்டி, ஆலைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட சுவரையொட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட வேண்டும். அதன்மேல் உலர்ந்த கொத்தமல்லி விதைகளைப் பரப்ப வேண்டும். பிறகு ஆலையை ஓட்டச் சொல்ல வேண்டும். விதைகள் ஆடினால் ஆலைக்காரர் ஆலையை அகற்ற வேண்டும். ஆடாவிட்டால் முறையிட்டவர் பேசாமல் இருக்க வேண்டும். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இச்சோதனையை மங்கலத்தில் தறிக்குடோனை ஒட்டிய வீடுகளில் இன்று செய்து பார்த்தால் எத்தனை வீடுகளில் விதை ஆடாமல் இருக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடுகிறோம்.

இவ்விடத்தில் தறி உரிமையாளர் சார்பில் நியாயமான ஒரு மறுப்பு எழும். தறி முன்னரே இருந்தது, வீடு பின்னர் வந்தது என்பர். ஃபிக்ஹு இதையும் கவனித்தே இருக்கிறது. ஏற்கெனவே நடந்துவரும் தொழிலுக்கு அருகில் ஒருவர் தாமாக வந்து வீடு கட்டிக்கொண்டால், அத்தீங்கை நீக்கிக்கொள்ளும் பொறுப்பு வந்து கட்டியவருடையது என்பது ‘மஜல்லா’வின் நிலை, கொல்லன் பட்டறையை அது எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. ஆகவே தறிக்காரரை மட்டும் குறை கூறுவது முறையன்று. ஆனால் ‘வந்து கட்டியவர்’ என்பவர் யார் என்று கேட்க வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவர் அவ்விடத்தைத் தேர்ந்தவரல்லர். குறைந்த வாடகையே அவரை அங்கே கொண்டுவந்தது. தேர்ந்தவர் கட்டிய உரிமையாளர். ஆகவே தறிக்கூடத்துச் சுவரையே தம் வீட்டுச் சுவராகக் கொள்ளாமல் தனிச்சுவர் எழுப்புவதும், இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடுவதும், அப்பக்கத்தில் படுக்குமிடத்தை வைக்காமல் சமையலிடத்தை வைப்பதும் அவர் மீதே கடமையாகும் என்று நாம் கருதுகிறோம். இதற்காகும் செலவு கட்டும்போது சிறிது. கட்டியபின் செய்ய முனைந்தால் பெரிது.

சுவரும் சன்னலும் ஒருபுறம் இருக்க, அச்சுவருக்கு அப்பால் இருப்பவர் நமக்கு யார் என்ற கேள்வி முக்கியமானது. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 36ஆம் வசனத்தில் நன்மை செய்யப்பட வேண்டியவர்களின் வரிசையில் மூன்று வகை அண்டையர் இடம்பெறுகின்றனர்: உறவினரான அண்டையர், அந்நியரான அண்டையர், பக்கத்தில் இருக்கும் தோழர். இம்மூன்றாமவருக்கு விரிவுரையாளர்கள் பல விளக்கங்கள் தந்துள்ளனர். பயணத் தோழர் என்றும் வாழ்க்கைத் துணை என்றும் கூறுவோர் உண்டு. ஹிஜ்ரி 538இல் (கி.பி. 1144) மறைந்த ஸமக்ஷரீ தமது ‘அல்கஷ்ஷாஃப்’ விரிவுரையில், கல்வியிலோ கைத்தொழிலிலோ உடனிருப்பவரையும், பள்ளிவாசலிலோ சபையிலோ அருகில் அமர்ந்தவரையும் இதில் சேர்க்கிறார். அப்படியானால் ஒரே கம்பெனியில் அடுத்த தையல் எந்திரத்தில் அமர்ந்திருப்பவரும், ஒரே தறிக்கூடத்தில் அடுத்த தறியை ஓட்டுபவரும் இவ்வசனத்தின் விரிவில் அடங்குவர். அவர் எம்மொழி பேசுபவர், எந்த மாநிலத்தவர் என்ற வினா அங்கு எழவில்லை.

எச்சமயத்தவர் என்ற வினாவுக்கும் நபித்தோழர் நடைமுறையிலேயே விடை இருக்கிறது. அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடறுக்கப்பட்டபோது, யூதரான தம் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்தனுப்பினீர்களா என்று அவர்கள் திரும்பத் திரும்ப விசாரித்ததையும், அண்டை வீட்டார் பற்றி ஜிப்ரீல் (அலை) தொடர்ந்து வலியுறுத்திவந்ததால் வாரிசுரிமையே கொடுத்துவிடுவாரோ என்று எண்ணியதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை அதற்குக் காரணமாகக் காட்டியதையும் அபூதாவூத், திர்மிதீ நூல்களில் காண்கிறோம். குழம்பில் நீரைக் கூட்டியேனும் அண்டையருக்குப் பகிரும்படி அபூதர் (ரலி) அவர்களுக்குக் கூறப்பட்ட அறிவுரையும் யாவரும் அறிந்ததே. ஆனால் மிம்பரில் இதை எடுத்துச் சொல்லும்போது நம் மனத்தில் தோன்றும் அண்டை வீட்டார் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர், நம் ஊர்க்காரர், நம் வரிப்பட்டியலில் உள்ளவர். லைன் வீட்டில் இருப்பவர் தோன்றுவதில்லை. ஷுஃப்ஆ என்னும் முன்வாங்கும் உரிமை ஒன்றைத் தவிர, அண்டையர் உரிமைகள் எவையும் நிலத்துக்குச் சொந்தக்காரராக இருப்பதைப் பொறுத்தவை அல்ல. அந்த ஷுஃப்ஆவிலும் கூட ஷாஃபிஈ மத்ஹபினர் அதைப் பங்காளிக்கு மட்டும் உரியதாக்க, நம் கொங்குநாட்டு இராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபு அண்டை வீட்டாருக்கும் விரித்தது என்பது நினைவுகூரத் தக்கது.

2020ஆம் ஆண்டு பொதுமுடக்கத்தின்போது வடமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பப் பட்ட பாடு நாடறிந்தது. அதன்பின்னரே அதே ஆண்டு ஜூலையில் குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றை நடுவண் அரசு வகுத்தது. கூட்டுத் தங்கறைகளில் ஒரு படுக்கைக்கு 10 சதுர மீட்டர் என்று அது அளவு குறித்தது. தமிழகத்தில் திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் வளாகத்தைச் சிப்காட் கட்டி, அது 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. திருப்பூரிலோ நகர்ப்புற ஏழைகளுக்கான வீட்டு வசதித் திட்டத்தின் கீழ் வீரபாண்டியில் 1,280, திருக்குமரன் நகரில் 1,248 அடுக்குமாடி வீடுகள் 2021 பிப்ரவரியில் திறந்து வைக்கப்பட்டன. இவை எளியோருக்குச் சொந்தமாகக் கழிப்பறையும் சமையலறையும் உள்ள வீட்டைத் தந்த நற்பணிகள். இதில் ஐயமில்லை. ஆயினும் அடுக்குமாடி என்னும் அமைப்பில் படிக்கட்டு, மாடி, தண்ணீர்த் தொட்டி, நடைக்கூடம் ஆகியவை யாருடையவை என்ற கேள்வி எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். தன் வீட்டைக் கண்ணாடிபோல் துடைத்து வைத்திருப்பவர் படிக்கட்டில் குப்பை கிடந்தால் தாண்டிச் செல்வார். தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (2021 வரை குடிசை மாற்று வாரியம் என்றிருந்தது) ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்ற திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களை அமைத்து, அவர்கள் தரும் பராமரிப்புத் தொகைக்கு இணையான தொகையை அரசும் தரும் என்று அறிவித்தது இக்குறையை உணர்ந்தே. மன்ஸில் கட்டி முடித்தபின் தாரைத் தேடும் முயற்சி இது என்று சொல்லலாம்.

கட்டும்போதே தாரையும் சேர்த்துக் கட்ட முடியுமா? முஸ்லிம் நகரங்களின் பழைய அமைப்பில் இதற்கு இரு கருவிகள் இருந்தன. ஒன்று ‘ஃபினா’. வீட்டுச் சுவரை ஒட்டித் தெருப்பக்கம் உள்ள சிறு நிலப்பட்டை அது. வீட்டுக்காரருக்குச் சொந்தமன்று, ஆனால் போவோர் வருவோருக்கு இடையூறின்றி அதைப் பயன்படுத்தும் உரிமை அவருக்கு உண்டு, தூய்மையாக வைத்திருக்கும் கடமையும் உண்டு. நம் கொங்கு நாட்டுப் பெண்கள் விடியலில் நீர் தெளிக்கும் ‘வாசல்’ இதுவேயன்றி வேறென்ன? மற்றொன்று முட்டுத்தெரு. இரு பக்கமும் திறந்த வீதி அனைவருக்கும் உரியது; மறுமுனை அடைபட்ட சந்தோ அதில் வாயில் உள்ள வீட்டார் அனைவருக்கும் கூட்டுச் சொத்து. மற்றவர்கள் இணங்காமல் ஒருவர் அதில் புதிய கதவு திறக்கவோ மேலே மாடம் நீட்டவோ முடியாது. தனிமனிதனின் வீட்டுக்கும் பொதுமக்களின் வீதிக்கும் இடையில், எட்டோ பத்தோ குடும்பங்கள் மட்டும் சேர்ந்து பொறுப்பேற்கும் ஓர் இடைநிலையைச் சட்டமே உருவாக்கியது. இன்று நம்மிடம் இல்லாதது அந்த இடைநிலைதான். ஆயிரம் வீடுகளுக்குப் பொதுவானது யாருக்கும் உரியதாகத் தோன்றாது. பத்து வீடுகளுக்குப் பொதுவானது பத்துப் பேருக்கும் உரியதாகத் தோன்றும்.

இந்தூர் நகரில் 1989இல் நிறைவடைந்த அரண்யா குடியிருப்பு இதற்கு அண்மைக்காலச் சான்று. கட்டடக் கலைஞர் பால்கிருஷ்ண தோஷி வகுத்த அத்திட்டம் சுமார் 6,500 மனைகளைக் கொண்டது. மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர் அளவே. வறியவருக்கு முழு வீட்டைக் கட்டித் தராமல் அடித்தளத்தையும் தண்ணீர், கழிப்பறை வசதியையும் ஓர் அறையையும் தந்து, மீதியை அவரவர் வருவாய்க்கேற்பக் கட்டிக்கொள்ள விட்டனர். பத்து வீடுகளை ஒரு தொகுதியாக்கினர். மாதிரி வீடுகளில் படியும் திண்ணையும் மாடமும் தெருவை நோக்கி அமைந்தன. வெவ்வேறு வருவாயினரும் ஒரே பகுதியில் இடம்பெற்றனர். இத்திட்டத்துக்கு 1995இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. திண்ணையைக் கட்டணமின்றிக் கிடைக்கும் சமூகநலக்கூடம் என்றே நாம் சொல்வோம். அதை இடித்து வாகனம் நிறுத்த இடம் செய்துகொண்ட நம் தலைமுறைக்கு இது தாமதமாகவே விளங்குகிறது.

தமிழகத்துக்குள்ளேயே காயல்பட்டினம் மற்றொரு வகைக்குச் சான்றாக நிற்கிறது. அங்கு பெண்மக்களுக்கு வீடு கொடுப்பது வழக்கமாதலால் சகோதரிகளின் வீடுகள் அடுத்தடுத்து அமைகின்றன. வீடு தெருவிலிருந்து பின்புறச் சந்து வரை நீண்டு செல்லும். முன்வாயில் ஆண்களும் விருந்தினரும் புழங்கும் தெருவில். பின்வாயில் ‘முடுக்கு’ எனப்படும் குறுகிய சந்தில். முடுக்கு பெண்களின் வழி. அதன் வழியே அவர்கள் உறவினர் வீட்டுக்கும் பெண்களுக்கான தைக்காவுக்கும் சென்றுவருவர். இதைப் பெண்களை ஒதுக்கும் ஏற்பாடு என்று கூறுவோர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர் முழுவதும் ஊடாடும் ஒரு தனிப் பாதையைப் பெண்களுக்கென்று வகுத்த நகர அமைப்பு வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காது. எனினும் காயலின் அமைப்பை மங்கலத்தில் அப்படியே நட இயலாது. அங்கே அடுத்த வீட்டில் இருப்பவர் உடன்பிறந்தவர். இங்கே இருப்பவர் முன்பின் அறியாதவர், ஓராண்டில் வேறிடம் போகக்கூடியவர். எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்றே: எந்த வீட்டுக்கும் ஒரே வாயில் போதாது. பெண்கள் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் பிள்ளைகளைக் கண்காணித்தவாறு பேசியிருக்கவும் தெருப்பார்வை விழாத பின்முற்றம் வேண்டும். சமையலறை, கிணற்றடி, முற்றம் ஆகிய பெண்கள் புழங்குமிடங்கள் அயலாரின் பார்வைக்குத் திறந்திருப்பதைப் பெருந்தீங்கு என்றே ‘மஜல்லா’ கணக்கிடுகிறது. லைன் வீடுகளின் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் தெருமுகப்பில், எல்லாரும் பார்க்கும்படி. வண்டிக்காரர் தண்ணீர் ஊற்ற வசதியாக இருக்கும் என்பதே காரணம். அதைப் பின்முற்றத்துக்கு மாற்றிக் குழாய் நீட்டுவதற்கு ஒரு மாத வாடகை கூட ஆகாது.

தண்ணீர் என்றதும் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நொய்யல் கரையில் இருந்துகொண்டு நாம் காவிரித் தண்ணீரைக் குழாய் வழியே எதிர்பார்த்து வாழ்கிறோம். சாயக்கழிவு ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த கதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன வரலாறும் இப்பகுதியில் எவருக்கும் புதிதல்ல. மழைநீர்ச் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் லைன் வீட்டின் நீண்ட கூரையில் விழும் மழை இன்றும் பல இடங்களில் சாக்கடைக்கே போகிறது. நீண்ட ஒற்றைக் கூரை என்பது மழைநீரைப் பிடிக்க எவ்வளவு எளிய அமைப்பு! ஓடும் ஆற்றில் உளூ செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்ற போதனையுடைய சமுதாயம் நாம். பள்ளிவாசல் ஹவ்ளிலிருந்து வழிந்தோடும் நீரை உறிஞ்சுகுழிக்கோ ஒரு வேப்பமரத்துக்கோ திருப்பிவிட்டால், அந்த மரத்தடியே அவ்வரிசை வீட்டாருக்கு முற்றமாகவும் அமையும். தகரக் கூரைக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவது வெப்பத்தைத் தணிக்கும் என்பதும் கைச்செலவுக்குள் அடங்குவதே.

வாடகை வருவாய் தேடும் வக்ஃபு இவ்வாறெல்லாம் இடத்தை விட்டுக்கொடுத்துக் கட்டினால் கட்டுப்படியாகுமா என்பர். கெய்ரோவில் சுல்தான் கான்ஸூஹ் அல்கோரீ 1504-05இல் எழுப்பிய வகாலா இன்றும் நிற்கிறது. நடுவில் பெரிய முற்றம். கீழ்த்தளங்களில் வணிகர் சரக்கறைகள். மேலே ‘ரப்உ’ எனப்படும் வாடகை வீடுகள், ஒவ்வொன்றும் மூன்று தளங்களாக. அதன் வருவாய் அவர் கட்டிய பள்ளிவாசல், மத்ரஸா முதலிய அறநிலையங்களுக்குச் சென்றது. நகரத்து நடுத்தர மக்கள் இத்தகைய வக்ஃபு வாடகை வீடுகளில் குடியிருந்தனர். வருவாய்க்காகக் கட்டப்பட்ட அக்கட்டடத்திலேயே முற்றம் விடப்பட்டிருக்கிறது. முற்றம் வீணான இடமாக அவர்களுக்குத் தோன்றவில்லை. நான்கு பக்கத்து அறைகளுக்கும் காற்றும் வெளிச்சமும் தருவது அதுவே என்பதை அறிந்திருந்தனர். கெய்ரோவின் வெயிலும் நம் கோடையும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

மங்கலம் வட்டாரத்தில் இனி வாடகை வீடு கட்ட எண்ணும் ஜமாஅத்தாரும் தனியாரும் ஒரு வரிசைக்குப் பத்து வீட்டுக்கு மேல் போகாதிருத்தல் நலம். இருபது வீடு வேண்டுமாயின் இரு முற்றங்களாகப் பிரிக்கலாம். முற்றத்துக்கு ஒரே நுழைவாயில் இருக்கட்டும். ஒவ்வொரு அறைக்கும் கதவைத் தவிர ஒரு சன்னல். அதுவும் எதிர்வீட்டு வாயிலை நேருக்கு நேர் நோக்காமல் சற்று விலகி. வீட்டு முன் இரண்டடித் திண்ணை. முன்பணத்தில் ஒரு சிறு பகுதியைத் தனியே வைத்து, முற்றத்துப் பராமரிப்புக்கென்று குடியிருப்போரிடமே ஒப்படைக்கலாம்; மாதம் ஒருவர் முறைவைத்துக் கணக்கு எழுதட்டும். தொட்டி கழுவும் நாள், குப்பை கொடுக்கும் நேரம், இரவு வேலை பார்த்து வந்து உறங்குவோருக்காகப் பகலில் ஓசை குறைக்க வேண்டிய நேரம் ஆகியவற்றை நுழைவாயிலில் எழுதி வைக்க வேண்டும். தமிழில் மட்டும் எழுதினால் போதாது. இந்தியிலும் ஒடியாவிலும் எழுத வேண்டும். அம்மொழிகளில் எழுதித்தர ஆள் தேடி வெளியே அலைய வேண்டியதில்லை; அந்த வரிசையிலேயே இருப்பார்.